அம்மா வழியாக வந்தது

அவள் கைகளில் எந்நேரமும் வெங்காய வாடை இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், நல்ல சமையல்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வெங்காயத்தில் ஒன்றுகூட அடுப்புக்குப் போனதில்லை. கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். கண்ணாடிக் குடுவையின் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்து, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி மூன்று நாள் விட்டால் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் அந்த வேர்களின் நுனியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரிந்து எடுப்பாள். ஒரு செல் இரண்டாகப் பிரிகிற வேலையெல்லாம் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலே உள்ள வேர் நீளுமே தவிர, புதிதாக எதையும் பெற்றெடுக்காது.

இருபத்தாறு வருடம் நுனி அரிந்தவளுக்கு மாணவர்கள் நுனியக்கா என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் நுனியக்காதான்.

கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தாள். நுனியக்காவுக்கு வீட்டில் துணை என்றால் அது தம்பிதான். லிப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "ஊருல இருக்கிற லிப்ட் எல்லாத்துக்கும் நான்தான் மாப்பிள்ளை, நடுராத்திரி கூப்பிட்டாலும் போகணும். இன்னொருத்திக்கு எங்க நேரம்?" என்பான். வீட்டின் பின்னறையில் அவன் கருவிப்பெட்டி, கட்டில், ஒரு பழைய ரேடியோ. மகளைத் தோளில் தூக்கி வளர்த்தது அப்பாவைவிட மாமாதான்.

ஆறு வருடத்துக்கு முன் ஆய்வகத்துக்குப் புதிய பேராசிரியை வந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். அவர் ஆராய்ந்தது, வளரும் வேர்நுனியில் மைட்டோகாண்ட்ரியா என்ன செய்கிறது என்பதை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் கிடக்கும் அந்தத் துகள்கள்தான் சர்க்கரையை எரித்து, செல்லுக்கு வேண்டிய சக்தியைச் செய்து கொடுக்கின்றன என்பது நுனியக்காவுக்கும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. மேடம் வந்த வாரமே நீலப்பச்சைச் சாயம் ஒரு துளி விட்டு, உயிருள்ள வேர்ச்செல்லை நுண்ணோக்கியில் காட்டினார். தூசு தூசாக நிறம் பிடித்துத் துகள்கள் அசைந்துகொண்டிருந்தன.

"இத்தனை நாளா இதுங்கள அமிலத்துல போட்டுக் கொன்னுட்டு, குரோமோசோமை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றாள் நுனியக்கா.

"எண்ணறதுக்கு நீங்கதான் வேணும்," என்றார் மேடம்.

வேலை இதுதான். மைட்டோகாண்ட்ரியாவை மந்தப்படுத்தும் மருந்து ஒன்றை நான்கு அளவுகளில் தண்ணீரில் கலந்து, நான்கு குடுவைகளிலும், வெறும் தண்ணீர் உள்ள ஐந்தாவதிலும் வேர்களை விடுவது. பிறகு நுனிகளை அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கிக்கான கண்ணாடிச் சில்லில் நசுக்கிப் பரப்பி, ஒவ்வொரு சில்லிலும் ஆயிரம் செல்களை எண்ணுவது. ஆயிரத்தில் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன? வெறும் தண்ணீரில் இருந்தவற்றில் எண்பது, தொண்ணூறு. பாதி மருந்தில் நாற்பது. முழு மருந்தில் மூன்றோ நான்கோ. ஒரு செல் இரண்டாக ஆவது லேசான காரியமில்லை. உள்ளே இருப்பதையெல்லாம் இன்னொரு படி எடுக்க வேண்டும், இழைகளை இரு பக்கமும் இழுக்க வேண்டும், நடுவில் சுவர் எழுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் சக்தி வேண்டும். அது வராவிட்டால் செல் எதையும் தொடங்காமல் நின்றுவிடுகிறது.

மருந்தில் கிடந்த வேர்கள் செத்துவிட்டன என்று மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதினார்கள். நுனியக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"மேடம், இது சாகல. செத்த செல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது நல்லாத்தான் இருக்கு. வேலைதான் செய்ய மாட்டேங்குது."

மேடம் அவற்றைக் கழுவி நல்ல தண்ணீரில் விடச் சொன்னார். ஒரு நாள் மருந்தில் நின்ற வேர்கள் இரண்டாம் நாளே வளர ஆரம்பித்தன. நான்கு நாள் நின்றவை கடைசிவரை வளரவில்லை. மேடம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் நடுப்பகுதியே அதுவாகத்தான் அமைந்தது.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்குக் காது மந்தமானது. லிப்ட் மெக்கானிக்குக் காது போவது என்பது தையல்காரனுக்குக் கண் போவது மாதிரி. மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்பவன், பக்கத்தில் நின்று பேசினாலும் "என்ன?" என்று கேட்க ஆரம்பித்தான். மோட்டார் அறையிலேயே காலம் தள்ளினால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். பிறகு சர்க்கரை வந்தது. பிறகு இமைகள் சரிய ஆரம்பித்தன. "பாரு, சாயங்காலம் ஆச்சுன்னா ஷட்டர் தானா இறங்குது," என்று கண்ணைக் காட்டிச் சிரித்தான். நிறுவனம் அவனைப் படியேறுகிற வேலையிலிருந்து எடுத்து, புகார் வாங்கும் மேசையில் போட்டது. "செவிடனைப் பார்த்து போன் எடுன்னு சொல்லியிருக்காங்கக்கா. லிப்ட்ல மாட்டிக்கிட்டவன் கத்தறான், நான் 'ஐயா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க'ங்கிறேன்."

அவன் மெலிந்தான். வாசல் தாண்டி முச்சந்திவரை நடந்தால் அங்கேயிருக்கும் சுவரில் உட்கார்ந்துவிடுவான். நுனியக்காவுக்குக் கோபம் வந்தது. வேலை, வீடு, சமையல் என்று காலையிலிருந்து பம்பரமாகச் சுற்றுகிறவள் அவள்.

"உட்கார்ந்தே இருந்தா உடம்பு துருப்பிடிக்காம என்ன செய்யும்? தினமும் கொஞ்சம் நட. அப்படியே அம்மா மாதிரி ஆகிட்டு வர்ற."

தம்பி ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினான். அவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் குளியலறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரம் அங்கேயே இருந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். நரம்பு, தசை மருத்துவர் ஒரு பெண். எல்லாம் கேட்டுவிட்டு, தொடைச் சதையில் பயறளவு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டபோது, நுனியக்கா என்ன வேலை செய்கிறாள் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், "அப்ப நீங்களே பாருங்க" என்று நுண்ணோக்கிப் பக்கம் நாற்காலியைத் தள்ளினார்.

தசை இழைகள் குறுக்குவெட்டில் பச்சையாகத் தெரிந்தன. ஆனால் பல இழைகளின் ஓரம் கிழிந்த துணிபோல, சிவப்பாகத் தடித்திருந்தது.

"அந்தச் சிவப்பு எல்லாம் மைட்டோகாண்ட்ரியா," என்றார் மருத்துவர். "சரியா வேலை செய்யாத மைட்டோகாண்ட்ரியா. சக்தி பத்தலைன்னு செல் மேல மேல அதையே செஞ்சு ஓரத்துல குவிச்சிருக்கு. காது, சர்க்கரை, கண், தசை, எல்லாத்துக்கும் காரணம் இது ஒன்னுதான். இதயமும் கொஞ்சம் தளர்ந்திருக்கு."

நுனியக்கா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழக்கத்தில் சிவந்த இழைகளை எண்ண ஆரம்பித்திருந்தாள். பதினேழில் நிறுத்தினாள்.

"இது பரம்பரையா வர்றது. அம்மா வழியா மட்டும்தான் வரும், அப்பாகிட்டேருந்து வராது. உங்க அம்மாவுக்கோ, அவங்க பக்கத்துல யாருக்காவதோ இப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க, அப்படி யாருக்கும்..." என்று ஆரம்பித்தாள் நுனியக்கா.

காதுக்கருவியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த தம்பி, "அம்மாவுக்கு இருந்துச்சு," என்றான்.

அவர்களுடைய அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அம்மாவுக்கு ஆமை என்று பெயர். அப்பா வைத்தது. இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். காய் வாங்கி வரும் அம்மா முதல் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு உட்காருவாள், அடுத்த திருப்பத்தில் இன்னொரு முறை உட்காருவாள். மேல் வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு போவார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பாதி செவிடு, பாதி சோம்பல் என்று உறவில் பேச்சு. துவைப்பதும் பெருக்குவதும் பன்னிரண்டு வயது மகள் தலையில் விழுந்தன. பள்ளியிலிருந்து வந்து பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம், படுத்திருக்கும் அம்மாவின் முதுகைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஒன்று கெட்டியாகிப்போனது.

தன் மகள் பிறந்த அன்று நடந்ததை நுனியக்கா யாரிடமும் சொன்னதில்லை. பிரசவ வார்டு மூன்றாம் மாடி. அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. அம்மா வந்தாள், கீழே பெஞ்சில் உட்கார்ந்தாள், பார்வையாளர் நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் லிப்ட் சரியானபின் மேலே வந்து குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். "பெத்த பொண்ணுக்காக நாலு படி ஏற வலிக்குதா உனக்கு?" என்று கேட்டாள் நுனியக்கா. வார்டில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. அம்மாவுக்குக் கேட்டதோ இல்லையோ, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "கால் வரமாட்டேங்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசிய பிறகும் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மருத்துவர் சொல்லிக்கொண்டே போனார். அம்மாவின் கருமுட்டையில் நல்லதும் கெட்டதுமாகக் கலந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கு எது எவ்வளவு போய்ச்சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தம்பிக்கு நிறையப் போயிருக்கிறது. அக்காவுக்குக் குறைவாக இருக்கலாம், அவளையும் சோதிக்க வேண்டும்.

"உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"அவங்களுக்கு அவசியம் சொல்லணும்." கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் தம்பி வெளியே பார்த்துக்கொண்டு, "நம்ம அம்மா சோம்பேறி இல்லக்கா," என்றான். சிறிது தூரம் போனபின், "நானும்தான் ஆமைன்னு கூப்பிட்டிருக்கேன். நீ மட்டும் இல்ல," என்றான்.

மகள் அப்போது ஐந்து மாதம். தலைப்பிரசவம். கடிதத்தை நுனியக்கா ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், பழைய சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். வீட்டில் வைத்தால் தானே எடுத்துக் கொடுத்துவிடுவோமோ என்று பயம். அவளுடைய ரத்தத்தைச் சோதித்ததில் குறைவாகத்தான் இருந்தது. அதுவே அவளை அதிகமாக உறுத்தியது. ஒரே வயிற்றில் பிறந்து, தம்பிக்கு அள்ளிப் போயிருக்கிறது, அவளுக்குக் கிள்ளி வந்திருக்கிறது.

"சொல்லிட்டியா?" என்று தம்பி வாரத்துக்கொரு முறை கேட்டான்.

"வயித்துப் பிள்ளைக்காரிகிட்ட எப்படிடா சொல்றது? பொறக்கட்டும்."

"பொறந்தப்புறம் பச்சை உடம்புக்காரின்னு சொல்லுவ."

அப்படித்தான் சொன்னாள். பெண் குழந்தை பிறந்தது. தம்பி சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தான். மடியில் கிடத்தச் சொல்லி, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தான். திரும்பும்போது அக்காவிடம், "இன்னும் தள்ளிப் போடாத. இல்லன்னா நான் சொல்லிடுவேன்," என்றான். ஆனால் சொல்லவில்லை. அது அக்காவின் வாயிலிருந்து வர வேண்டும் என்று விட்டுவைத்தான்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் இதயம் நின்றுவிட்டது. ரேடியோ உச்ச சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது எப்போதும் அப்படித்தான் பாடும். வேலை முடிந்து வந்த நுனியக்கா, வாசலிலிருந்தே "சத்தத்தைக் குறைடா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். அவனுக்கு வயது நாற்பத்தாறு.

பத்து நாள் கழித்து மகள் கைக்குழந்தையோடு வந்து, மாமாவின் அறையை ஒழிக்க உதவினாள். அவனுடைய சாம்பல்நிறச் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமாவும் கடைசி ரெண்டு வருஷம் அசையவே மாட்டேன்னுட்டாரும்மா," என்றாள். "நானும் எத்தனை தடவை சொன்னேன். கொஞ்சம் மனசு வெச்சு நடந்திருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாரு."

நுனியக்கா கையிலிருந்த கருவிப்பெட்டியைத் தரையில் வைத்தாள். அதுவரைக்கும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து ஒத்திகை நடத்தி வைத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"அவன் சோம்பேறி இல்ல. அவனால முடியல," என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சதையை வெட்டி எடுத்தது, சிவந்த ஓரம், ஆமை என்று பெயர் வாங்கிய அம்மா, அம்மா வழியாக மட்டுமே வருவது, தனக்கு இருப்பது. மகளுக்கும் இருக்கலாம் என்பதைக் கடைசியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய ஒன்றை அவள் சொல்லவில்லை. மகளே கட்டிலில் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை மாசமா தெரியும் உனக்கு?"

"ஏழு."

"மாமாவுக்கும் தெரியுமா?"

"தெரியும். சொல்லுன்னு அவன்தான் வாரா வாரம்..."

"கர்ப்பத்துல எனக்குச் சர்க்கரை ஏறுச்சு. டாக்டர் உங்க குடும்பத்துல யாருக்காவது ஏதாவதுன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். உனக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் சொன்னேன்."

அது நுனியக்காவுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோகும்படி வைத்திருந்தாள்.

மகள் மீதிச் சீருடைகளையும் மடித்து முடித்தாள். கடிதம் எங்கே என்று கேட்டு, ஆய்வகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி பேருந்துக்குப் போய்விட்டாள்.

கடிதம் போய்ச்சேர்ந்தது என்பதற்கு அடையாளமாகக் கைப்பேசியில் இரண்டு குறி விழுந்தது. அவ்வளவுதான். ஏழு வாரம் மகளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நடுக்கடலில் இருந்த கணவர் போன் செய்து, "அவ கோவம் ஆறும், விடு," என்றார். ஆறினாலும் வடு இருக்கும் என்பது நுனியக்காவுக்குத் தெரியும். வார்டில் அம்மா கையை மடக்கிக்கொண்ட பிறகு வந்த அந்த ஒரு வருடத்தை அவள் தினமும் எண்ணிப் பார்த்தாள். அம்மா அந்த வருடம் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்திருப்பாள் என்று அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

வேலையில் முதல்முறையாகத் தவறு வந்தது. ஒரே சில்லை இரண்டு முறை எண்ணினால், ஒரு முறை அறுபத்தொன்றும் இன்னொரு முறை நாற்பத்துநான்கும் வந்தது. மேடம் குறிப்பேட்டைக் கொண்டுவந்து அவள் எதிரில் வைத்து, "உங்க கணக்கு தப்பாகி நான் பார்த்ததே இல்லை. என்ன ஆச்சு?" என்றார்.

நுனியக்கா சொன்னாள். மேடத்திடம் மைட்டோகாண்ட்ரியா பற்றி விளக்க வேண்டிய அவசியம் இல்லாததால் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிந்துவிட்டது.

மேடம் குறிப்பேட்டை மூடினார். "நம்ம வேர் ஆராய்ச்சியிலயாவது இதுக்கு ஒரு மருந்து கிடைக்குமான்னு கேட்பீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்," என்றார்.

"எனக்குத் தெரியாதா மேடம்? வேரைக் கழுவி விடலாம். இதுல கழுவறதுக்கு ஒன்னும் இல்லையே."

மேடம் இன்னொரு நுண்ணோக்கியை இழுத்துப்போட்டு, மிச்சமிருந்த சில்லுகளில் பாதியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். மாலைவரை இருவரும் எண்ணினார்கள்.

எட்டாவது வாரம் மகள் கூப்பிட்டாள். குரலில் சண்டையும் இல்லை, பழைய சலுகையும் இல்லை. சோதனை முடிவு வந்திருந்தது. அவளுக்கும் இருக்கிறது, அம்மாவைவிடக் கொஞ்சம் அதிகம், மாமாவைவிடக் குறைவு. காது, சர்க்கரை, இதயம் மூன்றையும் வருடாவருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மருந்துகளைத் தொடக்கூடாது. குழந்தையை இப்போது சோதிக்க வேண்டாம், வளரட்டும், கவனமாகப் பார்த்துக்கொண்டே வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை வா," என்றாள் மகள். "அவ குப்புற விழுறா."

நுனியக்கா போனாள். குழந்தை பாயில் குப்புற விழுந்து, தலையைத் தூக்கப் பார்த்துக் களைத்து, கன்னத்தைப் பாயில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. எல்லாக் குழந்தையும் அப்படித்தான் செய்யும். ஆனால் இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பார்ப்பது மற்றவளுக்குத் தெரிந்தது.

"இனிமே எதையும் ஒளிக்காத," என்றாள் மகள்.

"மாட்டேன்."

"இவ நாளைக்கு மெதுவா நடந்தா, படியில உட்கார்ந்தா, யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நீயும்தான்."

"சொல்ல மாட்டேன்மா."

மகள் தேநீர் போட உள்ளே போனாள். நுனியக்கா பாயில் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். குழந்தை இன்னொரு முறை தலையைத் தூக்கியது.

இப்போது அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது. நடக்கிறது, ஓடுகிறது, சில நாள் சீக்கிரம் களைத்துத் தூக்கச் சொல்கிறது. அது நோயா, செல்லமா என்று யாருக்கும் தெரியாது. நுனியக்கா கேட்காமல் தூக்கிக்கொள்கிறாள். அவளுக்கும் இந்த வருடத்திலிருந்து இடது காது சரியாகக் கேட்பதில்லை. மாணவர்கள் வலது பக்கமாக வந்து பேசப் பழகிக்கொண்டார்கள்.